ஒத்திகையில் செத்தவர்கள்

வெள்ளிமணல்குப்பத்தில் ஒன்பது பேர் தினமும் காலை பதினொன்று பத்துக்குச் செத்து, பதினொன்று ஐம்பதுக்கு எழுந்து, விட்ட வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்த அந்த வருஷத்துப் பங்குனியில், ஏன் இப்படி நடக்கிறது என்று மட்டும் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எந்த நேரத்துக்கு நடக்கிறது என்று கேட்டார்கள், சாப்பிட்ட பிறகு செத்தால் செரிக்குமா என்று கேட்டார்கள், செத்துக் கிடக்கும்போது ஈ மொய்த்தால் தெரியுமா என்று கேட்டார்கள். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் பூங்காவனத்தின் வீட்டு வாசலில் போய் நிற்கும், அவள் வாய்க்கு முன்னால் போய் நிற்க அந்த ஊரில் யாருக்கும் தெம்பு கிடையாது.

பூங்காவனம் மீன் ஏலம் விடுகிறவள். வயது ஐம்பத்து நான்கு. தலையில் கூடையோடு ஆரம்பித்து, எடைக்கல்லில் ஏமாந்து, ஐஸில் ஏமாந்து, ஒரு வியாபாரி நடுச் சந்தையில் செவிட்டில் விட்ட அறையை வாங்கிக்கொண்டு, அதே வியாபாரியைப் பத்து வருஷம் கழித்து அதே சந்தையில் கையெடுத்துக் கும்பிட வைத்தவள். அவள் வாய் திறந்தால் விலை இறங்கும், இல்லை ஏறும், எது அவளுக்கு வேண்டுமோ அது. ஊருக்கு மேற்கே ரசாயன ஆலை வந்தபோது ஆலைக்காரர்களோடு யார் பேசுவது என்று ஊர் கூடி யோசிக்கவே இல்லை, எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். கோயிலுக்குக் கொட்டகை வந்தது, குழாய் வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வந்தது. கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும், அந்தக் கோபத்தை எப்போது காட்டினால் காசாகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மாசி மாதத்தில் ஒருநாள் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி தில்லைநாதன் ஏலக்கூடத்துக்கு வந்தான். சின்னப் பையன் மாதிரி முகம், சட்டைப் பையில் நான்கு பேனா. மீன் செதில் ஒட்டிய ஏலப் பலகையின் மேல் ஒரு வரைபடத்தை விரித்தான். ஆலையில் விஷவாயு கசிந்தால் ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மாக் டிரில், அதாவது ஒத்திகை, நடத்தியாக வேண்டும் என்றான். மொத்தம் பதினான்கு படிகள். சங்கு ஊதும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும், துணியை நனைத்து மூக்கைக் கட்ட வேண்டும், அடுப்பை அணைக்க வேண்டும், நடக்க முடியாதவர்களைத் தூக்க வேண்டும், காற்றுக்கு விலகிக் கூடும் இடத்துக்குப் போக வேண்டும், அங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ண வேண்டும், இப்படிப் போய்க்கொண்டே இருந்தது.

“எவ்ளோ நேரம் ஆவும்?” என்றாள் பூங்காவனம்.

“மூணு மணி நேரம்மா.”

“பொம்பளைங்க சந்தையிலேர்ந்து வந்து ஒலை வெக்கிற நேரம் சார் தம்பி. பதினாலும் நடக்காது. கொறை.”

“இது மீன் இல்லம்மா, கொறைக்கிறதுக்கு.”

“மீனா இருந்தா நாறிடும்னு பயந்து சீக்கிரம் ஒத்துக்குவ. காயிதம் நாறாது, அதான் இழுக்கிற.”

ஏலக்கூடமே சிரித்தது. தில்லைநாதனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் அவன் தோற்றான். பதினான்கு பத்தானது, பத்து ஆறானது, மேலிடத்துக்குப் படம்தான் வேண்டும் என்பதை அவன் வாயிலிருந்தே அவள் பிடுங்கியதும் ஆறு மூன்றானது. சங்கு ஊதுவது, படுப்பது, படம் எடுப்பது. அவ்வளவுதான். அதற்கு வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம், ஆளுக்கு ஒரு பொட்டலம் பிரியாணி, கோழி இல்லை, ஆட்டுக்கறி.

படம் தத்ரூபமாக இருக்கக் கர்ப்பிணி ஒருத்தி வேண்டும் என்றபோது, பூங்காவனம் ஒரு மிக்ஸி கேட்டாள். ஏழு மாசம் ஆகியிருந்த தன் மருமகள் சுகந்தியைத் தருவதாகச் சொன்னாள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த பேரம். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. வரைபடத்தில், ஊர் கூடும் இடம் என்று தில்லைநாதன் விரல் வைத்த இடம் ஊருக்கும் ஆலைக்கும் வடக்கே இருக்கும் புயல் கூடம். அரசாங்கம் கட்டின உறுதியான கட்டடம், யாருக்கும் அதில் சந்தேகம் வராது. ஆனால் அந்தக் கூடத்தின் மொட்டை மாடியில்தான் பூங்காவனம் இரண்டு வருஷம் முன்பு வரை கருவாடு காயவைத்தாள். காலையில் மேற்கே இருந்து வரும் காற்று பதினொரு மணிவாக்கில் திரும்பித் தென்காற்றாகும். அப்போது ஆலையின் மூச்சு நேராகப் புயல் கூடத்தின் மேல்தான் போகும். பதினொரு மணிக்கு மேல் காய்ந்த கருவாடெல்லாம் நாக்கில் வைத்தால் ஒரு கசப்பு, வேப்பெண்ணெயும் பழைய பேட்டரியும் கலந்த மாதிரி. இரண்டு கூடை கருவாட்டைக் கடலில் கொட்டிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் அவள் தெற்கே முகத்துவாரத்துச் சவுக்குத் தோப்புக்குப் பாயை மாற்றிக்கொண்டாள்.

வரைபடத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினாள். நல்ல சரக்கை முதல் நாளே மேலே வைக்கக் கூடாது என்பது அவள் தொழில். இதை அடுத்த வருஷம் எடுக்கலாம், உங்கள் வரைபடமே தப்பு என்று ஒரு போடு போட்டால் தெருவுக்கெல்லாம் விளக்கு வாங்கிவிடலாம் என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். கருவாட்டை மாற்றியவள் ஆட்களை மாற்றவில்லை.

ஒத்திகை நல்லபடியாகவே நடந்தது. காலை பதினொன்று பத்துக்குச் சங்கு ஊதியது. காயம்பட்டவர்களுக்கு மஞ்சள் அட்டை, உயிருக்குப் போராடுகிறவர்களுக்குச் சிவப்பு, செத்தவர்களுக்குக் கறுப்பு என்று கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். கறுப்புக்குத்தான் அடிதடி. கறுப்பு என்றால் முனக வேண்டாம், நொண்ட வேண்டாம், நிழலில் கிடந்தால் போதும். ஒன்பது அட்டைக்கு முப்பது பேர் நின்றார்கள். குடிகார வீராசாமி, “நான் எப்பவும் பாதி செத்தவன்தான், எனக்குக் குடு” என்று வாங்கிக்கொண்டான். சுகந்தி வேப்பமரத்தடியில் வயிற்றின் மேல் கை வைத்துப் படுத்தாள். படம் எடுத்தார்கள். பதினொன்று ஐம்பதுக்குப் பிரியாணி வண்டி வந்தது. எழுந்தார்கள், தின்றார்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒத்திகை முடிந்தது என்று சொல்வதுதான் பதினான்காவது படி. அதையும் பூங்காவனம் குறைத்திருந்தாள், யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு ஒன்பது பேரும் செத்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவன் வலை மேலேயே சாய்ந்தான். ரேஷன் கடை வரிசையில் நின்ற வீராசாமி, விரல் ரேகை வைக்கும்போதே சரிந்தான், கருவியும் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டது. சுகந்தி மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் கீழே சாய, மிக்ஸி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பூங்காவனம் அதை நிறுத்துவதா மருமகளைத் தூக்குவதா என்று தெரியாமல் நின்றாள். சுகாதார நிலையத்து எஸ்தர் நர்சம்மா ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்து, மார்பில் காதை வைத்துப் பார்த்து, கடைசியாக வயிற்றில் காதை வைத்துப் பார்த்து நிமிர்ந்தாள். உள்ளே இருந்ததும் நின்றுபோயிருந்தது. பூங்காவனம் மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். பதினொன்று ஐம்பதுக்குச் சுகந்தி எழுந்து, “எதுக்கு அத்தை அழுவறீங்க, தேங்கா வழிஞ்சிடுச்சா?” என்றாள்.

முதல் வாரம் ஒப்பாரி. இரண்டாவது வாரம் ஊர் அதைப் பழகிக்கொண்டது. ஏலம் பத்தரைக்கே முடிந்தது. பதினொன்று ஐந்துக்கு அவரவர் வீட்டில் ஒன்பது பாய் விரிந்தது, வெளியே போனவர்கள் மணி பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள், பேருந்து நடத்துநர் சீட்டுக் கொடுக்கும்போதே “கறுப்பு அட்டையா? அப்ப ஜன்னல் பக்கம் உக்காரு, சாய வசதியா இருக்கும்” என்றார். வீராசாமி தினமும் சாக வேண்டியிருந்ததால் குடியை விட்டான், குடித்துவிட்டுச் செத்தால் எழுந்ததும் தலைவலி இரண்டு மடங்காக இருக்கிறது என்றான். அவன் பெண்டாட்டி மங்கை, இருபது வருஷமாகக் கேட்காத பேச்சைச் சாவு நாற்பது நிமிஷத்தில் கேட்க வைத்துவிட்டதே என்று கற்பூரம் ஏற்றினாள். பக்கத்து ஊரிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு மோர் விற்றார்கள். ஒரு கட்சிக்காரர் வந்து ஒன்பது குடை கொடுத்து, ஒன்பது பிணத்தோடும் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். ஊர்க் கூட்டத்தில் ஒரு நாளைக்கு ஒருதரம் செத்தவன் பேச்சைக் கணக்கில் எடுக்கலாமா என்று சண்டை வந்து, எடுக்கலாம், ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேல் பேசினால்தான் என்று தீர்ப்பாயிற்று.

ஆனால் சுகந்திக்கு மாசம் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் புருஷன், பூங்காவனத்தின் ஒரே மகன், கொச்சிப் பக்கம் ஆழ்கடல் படகில் இருந்தான். பேசவும் முடியாது, வரவும் நாளாகும். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றால், கல்யாணத்துக்கு டவுனுக்குப் போன வீராசாமியைப் பந்தியில் செத்தவன் என்று தூக்கிப் பிணவறையில் போட்டு, அறுக்கக் கத்தி எடுத்த நேரத்தில் அவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும்.

எஸ்தர் நர்சம்மா பூங்காவனத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “வலி சாயங்காலம் வந்தா நான் பாத்துக்குவேன். ராத்திரி வந்தாலும் பாத்துக்குவேன். பதினொண்ணு பத்துக்குப் புள்ள பாதி வழியில இருந்துச்சுன்னா, செத்த பொம்பளைக்குப் பிரசவம் பாக்க எந்தப் புஸ்தகத்திலயும் எழுதல. நாப்பது நிமிஷம்க்கா. தாங்காது.”

பூங்காவனத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பேரம் பேசினாள். அம்மன் கோயிலுக்குப் போய், மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். கொடுத்தாள், ஆலைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மருமகளுக்குப் பதில் நான் என்று கறுப்பு அட்டையைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு பதினொன்று பத்துக்குச் சுகந்தியின் பக்கத்தில் படுத்தாள். சுகந்தி செத்தாள். பூங்காவனம் நாற்பது நிமிஷம் கூரையைப் பார்த்துக்கொண்டு, கொசுக்கடியோடு, உயிரோடு கிடந்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்த மங்கை, “எமன் உங்கிட்ட விலை பேச பயப்படறான் யக்கா” என்றுவிட்டுப் போனாள். வேறு நாளாக இருந்தால் மங்கையின் ஏழு தலைமுறையும் தெருவுக்கு வந்திருக்கும். அன்று பூங்காவனம் கழுத்திலிருந்த அட்டையை மட்டும் அவிழ்த்தாள்.

செத்திருக்கும்போது என்ன தெரிகிறது என்று ஒருநாள் தில்லைநாதன்தான் வந்து ஒன்பது பேரையும் உட்கார வைத்துக் கேட்டான். அவனும் இளைத்துப்போயிருந்தான், பையில் பேனா ஒன்றுதான் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை, சங்குதான் கேட்கிறது என்றார்கள் ஒன்பது பேரும். நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. “எங்களத் தூக்க யாராவது வருவாங்கன்னு இருக்கும் சார்,” என்றாள் சுகந்தி. “எங்கியோ பேர் கூப்பிடற மாதிரியும் இருக்கும். எங்க பேரு மட்டும் வராது.”

தில்லைநாதன் குனிந்து, விரலை மடக்கி மடக்கிப் படிகளை எண்ணினான். பிறகு நிமிர்ந்து, “நாம நடுவுல விட்டுட்டோம். மிச்சப் படியெல்லாம் செஞ்சு முடிக்கணும்” என்றான்.

இந்த முறை யாரும் என்ன தருவீர்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் பதினொன்று பத்துக்கு ஊரே ஈரத்துணி கட்டிக்கொண்டு நின்றது. அடுப்புகள் அணைந்தன. கயிற்றுக் கட்டில்களில், மீன் பலகைகளில், பழைய வலைகளை இரண்டாக மடித்த தூளிகளில், ஒன்பது பேரையும் தூக்கிக்கொண்டு, வரைபடம் காட்டிய வடக்குப் புயல் கூடத்துக்கு ஓடினார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. பதினொன்று ஐம்பதுக்குத்தான் எழுந்தார்கள், எழுந்தபோது தூக்கி வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாமலிருக்க, ஒன்பது பேருக்கு மட்டும் கண் கோவைப்பழமாகச் சிவந்து தண்ணீர் கொட்டியது.

“நாக்கெல்லாம் கசக்குது அத்தை,” என்றாள் சுகந்தி. “வேப்பெண்ணெய குடிச்ச மாதிரி.”

பூங்காவனம் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கசப்பு அவளுக்குத் தெரியும். அதற்குப் பேர் வைக்கச் சொன்னால் அவளால் வைக்க முடியும், அதை நக்கிப் பார்த்துத் துப்பிவிட்டுத்தான் அவள் பாயைச் சுருட்டினாள். அப்படியென்றால் காற்றுக்கு விலகும் படி இன்னும் நடக்கவே இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள், சுற்றிலும் அத்தனை முகங்கள் இருந்தன. பாரம் தூக்கித் தோள் கன்றிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் வாய் திறந்தால் ஏதாவது வழி வரும் என்று பழகிய முகங்கள். அவள் சொன்னது இதுதான்: “நாளைக்குத் தோப்புப் பக்கம் போனா என்னா? நெழலா இருக்கும்.”

“ஏன் யக்கா? சார் போட்ட படத்துல இங்கதான இருக்குது?” என்றாள் மங்கை.

“சும்மா, வெயிலுக்குச் சொன்னன்.”

“நீ கொறைச்ச வரைக்கும் போதும்க்கா,” என்றார் வலைக்காரர் சம்மந்தம். குரலில் கோபம் கூட இல்லை, களைப்புதான் இருந்தது. “இனிமே படத்துல இருக்கிறபடியே செய்வோம். ஒண்ணுகூட மாத்த வேணாம்.”

அவள் மூன்று நாள் பொய்யாகக் காரணம் தேடினாள். புயல் கூடத்தில் பாம்பு இருக்கிறது என்றாள், இருவர் போய்த் தேடிவிட்டு வந்து இல்லை என்றார்கள். வடக்கே சூலம் என்றாள், செத்தவனுக்கு என்ன சூலம் என்றார்கள். மூன்று நாளும் ஊர் வடக்கே ஓடியது, அவளும் ஒரு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், தெரிந்தே ஓடினாள், மூன்று நாளும் சுகந்தி சிவந்த கண்ணோடு எழுந்து அவளைப் பார்த்து, “அங்க எரியுது அத்தை” என்றாள். பத்து மைல் கூடை சுமந்திருக்கிறாள், அடி வாங்கியிருக்கிறாள், பொய் சொல்லி விற்றிருக்கிறாள், அப்போதெல்லாம் வராத ஒன்று இப்போது வந்து கழுத்தில் உட்கார்ந்திருந்தது. நிஜமாகவே ஒருநாள் வாயு கசிந்தால், இந்த ஊர் ஒரே ஓட்டமாக, பிள்ளை குட்டிகளோடு, கட்டுப்பாட்டோடு, அந்தக் கசப்புக்குள்ளே போய் நின்று தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரு தெருவிளக்குக்காக.

நான்காம் நாள் பத்தரை மணிக்குச் சுகந்தி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, “அத்தை” என்றாள். காலுக்குக் கீழே தரை நனைந்திருந்தது.

எஸ்தர் வந்து பார்த்தாள். “வேகமா வருது. ஆனா பதினொண்ணு பத்துக்குள்ள வராது.”

பூங்காவனம் தெருவுக்கு ஓடினாள். ஏலம் விட்டு உரம் ஏறின தொண்டை, அந்தத் தொண்டையில் அவள் கத்தியதும் ஊர் அவரவர் வாசலுக்கு வந்தது. வந்தவர்கள் வழக்கம்போல ஈரத்துணியோடும் கட்டிலோடும் வந்தார்கள், வடக்கே திரும்பினார்கள்.

“வடக்க வேணாம்! தெக்க போவணும்! தோப்புக்கு!”

“மறுபடி ஆரம்பிச்சுட்டியா?” என்றார் சம்மந்தம்.

“பதினொரு மணிக்குக் காத்து திரும்புது. கம்பெனி காத்து நேரா கூடத்து மேலதான் வுழுது. எனக்குத் தெரியும்.”

“எப்பிடித் தெரியும்?”

அந்த இடத்தில் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. நேற்று ராத்திரி அம்மன் கனவில் வந்து சொன்னாள் என்றால் நம்பியிருப்பார்கள், தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள், அவள் பேரும் கெட்டிருக்காது. நாக்கு நுனி வரைக்கும் வந்த அம்மனை அவள் விழுங்கினாள்.

“மாடியில காயவெச்ச என் கருவாடு கசந்துச்சு,” என்றாள். “ரெண்டு வருஷமா தெரியும். பாயைச் சுருட்டினு நான் மட்டும் தெக்க போய்ட்டன். சார் படத்துல வெரல் வெச்சப்பவும் தெரியும். அடுத்த வருஷம் பேரத்துக்கு ஆவும்னு வெச்சிருந்தன். மூணு நாளா கண்ணு செவந்து எழுந்தப்பவும் தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

தில்லைநாதன் கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தான், ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தான், அதன் நுனியில் புகை வடக்கே வளைய ஆரம்பித்திருந்ததைப் பார்த்தான், இத்தனை நாளும் அண்ணாந்து பார்க்காத தன் கழுத்தைக் கையால் தடவிக்கொண்டான்.

மங்கைதான் முதலில் வாய் திறந்தாள். “உன் கருவாட்டுக்கு இருந்த மூக்கு எங்களுக்கு இல்லாமப் போச்சாடி?” என்றாள். இருபது வருஷமாக யக்கா என்று கூப்பிட்ட வாய். திட்டட்டும், அறையட்டும் என்று பூங்காவனம் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் அடிக்கவும் யாருக்கும் நேரமில்லை. மணி பதினொன்று ஐந்து.

சுகந்தியைக் கட்டிலில் ஏற்றினார்கள். தெற்குத் தெரு திரும்பும்போதே அவள் கை கட்டிலிலிருந்து தொங்கியது, அலறிக்கொண்டிருந்த வாய் பாதி அலறலில் நின்றது. மற்ற எட்டுப் பேரும் எங்கெங்கே சாய்ந்தார்களோ அங்கிருந்து அள்ளப்பட்டார்கள். ஊர் ஓடியது. மணலில் கால் புதையப் புதைய, முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, முன்னால் தூக்குகிறவன் சோர்ந்தால் பின்னால் வருகிறவன் தோள் கொடுக்க, முகத்தில் அடித்த தென்காற்றை எதிர்த்து ஓடியது. காற்றில் உப்பும் சவுக்கு வாசமும் தவிர ஒன்றும் இல்லை. அந்த ஓட்டத்தில் ஒருவரும் பூங்காவனத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கட்டிலின் ஒரு காலை அவள் பிடித்திருந்ததை யாரும் தட்டிவிடவும் இல்லை.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபத்திரண்டு. வரிசையாகக் கிடத்தினார்கள். தில்லைநாதன் பட்டியலை நீட்டினான், அவனுக்கு மூச்சு வரவில்லை. பூங்காவனத்துக்குப் படிக்கத் தெரியாது, பட்டியலும் தேவையில்லை.

“வீராசாமி!” என்றாள்.

வீராசாமி கண்ணைத் திறந்து, “வந்துட்டன்” என்றான். மணி பதினொன்று இருபத்து மூன்றுதான். மங்கை மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள், ஒவ்வொருவராக எழுந்தார்கள். கண் சிவக்கவில்லை. எட்டுப் பேர் எழுந்து உட்கார்ந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள். ஒன்பதாவதாக, “சுகந்தி” என்றாள். தெருவில் உடையாமல் நின்ற குரல் அந்தப் பேரில் உடைந்தது. சுகந்தி, பாதியில் நின்ற அலறலை அந்த இடத்திலிருந்தே தொடர்ந்தாள்.

ஆனால் வயிற்றில் காது வைத்த எஸ்தர் நிமிரவில்லை. “இது இன்னும் வரலக்கா,” என்றாள்.

பேர் இல்லாத ஒன்றை எப்படிக் கூப்பிடுவது? பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூங்காவனம் மண்டி போட்டாள். வாழ்நாளெல்லாம் ஒன்று கொடுத்தால் ஒன்று என்றே பேசிய வாய், கொடுக்க ஒன்றும் இல்லாமல், கேட்கவும் தகுதி இல்லாமல், அந்த வயிற்றின் பக்கத்தில் திறந்து திறந்து மூடியது.

“சாமி,” என்றாள் கடைசியில். “எழுந்திரு சாமி. இங்க காத்து நல்லா இருக்கு. நான் சொல்றன்னு நம்பாத. ஊரு சொல்லுது, எழுந்திரு.”

எஸ்தர் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாதிருக்கச் சொன்னாள். சவுக்கு இலை உரசும் சத்தம். பிறகு அவள் முகம் மாறியது. “தள்ளுங்க, தள்ளுங்க, காத்து வுடுங்க,” என்று கத்தினாள். பெண்கள் சேலையைச் சுற்றிப் பிடித்தார்கள். பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் தோப்பில் இருந்த காக்கைகள் கிளம்பிப் போயின.

மறுநாள் யாரும் சாகவில்லை. ஆனாலும் பதினொன்று பத்துக்கு ஊர் தானாக வாசலுக்கு வந்து நின்றது, நின்றுவிட்டோமே என்று தோப்பு வரைக்கும் நடந்தது. அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒருநாள் என்று ஆயிற்று. தில்லைநாதன் வரைபடத்தைக் கிழித்துவிட்டு, ஊர்க்காரர்களை உட்காரவைத்து, எந்த மாசம் எந்த மணிக்கு எந்தக் காற்று என்று கேட்டுக் கேட்டுப் புதிதாக வரைந்தான். மேலே இருந்து அவனுக்கு வசவு வந்தது. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். குழந்தையைத் துடைத்து எஸ்தர் நீட்ட, பூங்காவனம் இரண்டு கையையும் ஏந்தினாள். சுகந்தி படுத்தபடியே, “நர்சம்மா,” என்றாள், “அவங்க கையில வேணாம்.”

பிறகு மாமியாரைப் பார்த்தாள். வண்டியில் வரும்போது சாலையோரத்தில் நிற்பவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“என்னைப் படுக்க வெச்சப்பவே தெரியும் இல்ல, அத்தை?”

“தெரியும்.”

சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மங்கை குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள், செத்தவர்கள் தங்கள் காலாலேயே நடந்தார்கள், சுகந்தியை வலைத் தூளியில் மெல்லத் தூக்கிக்கொண்டு பெண்கள் முன்னால் போனார்கள். வீராசாமி ஏதோ சொல்ல, தூரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சுகந்தி வந்த கயிற்றுக் கட்டில் மட்டும் ரத்தக் கறையோடு தோப்பில் கிடந்தது. கழுவி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பூங்காவனம் அதன் ஒரு முனையைத் தூக்கினாள். ஒருத்தியால் தூக்கக் கூடிய சாமான் இல்லை அது. மறு முனைக்கு ஒரு ஆள் வேண்டும். ஒரு குரல் கொடுத்தால் முகத்துவாரம் வரைக்கும் கேட்கும். அவள் குரல் கொடுக்கவில்லை. தன் பக்கத்து முனையை இடுப்பளவுக்குத் தூக்கிப் பிடித்தபடி, போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு, கட்டில் சட்டம் உள்ளங்கையில் பதிந்த பிறகும் கீழே வைக்காமல், அங்கேயே நின்றாள்.